மூட்டையும் மாடிப்படியும்

சித்தப்பா வீடு மடிப்பாக்கத்தில் முதல் மாடி. அதற்கு மேலே மொட்டைமாடி, அதற்கும் மேலே வெயில். போன சித்திரையில் படுக்கையறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று வாங்கினார். ஐந்து நட்சத்திரம், ஃபோனிலிருந்தே போடலாம், நிறுத்தலாம். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது டீக்கு முன்னாலேயே ஈபி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

“அம்மாடி, பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் ஏசி கணக்குப் போடறவ நீ. கரண்ட் மிச்சமாகும்னுதானே இதை வாங்கினேன்? அப்புறம் எப்படி 500 யூனிட்டைத் தாண்டுச்சு?”

அவர் கவலை நியாயமானது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கட்டணப் பட்டியல், தாண்டினால் இன்னொன்று. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஆகவே அந்த எல்லையில் ஐம்பது, அறுபது யூனிட் என்பது சின்ன விஷயமில்லை. சித்தி டீயைச் சிம்மில் வைத்திருந்தார். சொல்ல ஆரம்பித்தேன்.

“முதல்ல ஒண்ணு, சித்தப்பா. ஏசி குளிரை உண்டாக்கறதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டு போய்க் கொட்டுது. அது ஒரு மூட்டை தூக்கற ஆள். நீங்க கட்டற பில், கூலி.”

எத்தனை மூட்டை தூக்கும் என்பதைத்தான் ‘டன்’ சொல்கிறது. அந்தச் சொல் பனிக்கட்டியிலிருந்து வந்தது. சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையில்லை. மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1842ல் கட்டியது. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதித்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து விற்றார். இயந்திரம் வந்தபோது அதன் வலிமையையும் ஜனங்கள் பனிக்கட்டிக் கணக்கிலேயே அளந்தார்கள். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். அப்படிப் பார்த்தால் சித்தப்பாவின் ஒன்றரை டன் பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 57 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலையைச் செய்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஒவ்வொரு மணிக்கும் 57 கிலோ!

கூலி எப்படிக் கூடுகிறது, எப்படிக் குறைகிறது? மூட்டை தூக்குகிறவருக்கு இரண்டு கணக்குத்தான்: எத்தனை மூட்டை, எத்தனை மாடி. உள்ளே வரும் சூடு மூட்டை. உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளுக்கும் வெளியே இருக்கும் சூடான சுருளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் மாடியின் உயரம். சாதாரண நாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல ஏசி நாலு யூனிட் அளவு சூட்டையாவது வெளியேற்றும். மாடி உயர உயர அந்த நாலு மூன்றாகிவிடும்.

சித்தப்பா படுக்கப் போகும்போது 18ல் வைக்கிறார், நடுராத்திரியில் போர்வையைத் தேடுகிறார். 18 என்பது தேவையில்லாத இரண்டு மாடி. அறை குளிரக் குளிர வெளிச்சூடு இன்னும் வேகமாக உள்ளே வரும். அதனால் மூட்டையும் கூடும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டே கடைக்கு வருவதற்கும் மத்திய அரசின் உத்தரவுதான் காரணம். 26ல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும். விசிறி தின்பது அற்பம்; புதுவகை பிஎல்டிசி விசிறி என்றால் 30 வாட் சுற்றுத்தான்.

வெளிப்பெட்டியைப் பார்க்கப் பால்கனிக்குப் போனோம். அதன் முகத்துக்கு நேரே கொடி கட்டி வேட்டி, புடவை காயப் போட்டிருந்தது. துப்பிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது பெட்டி. இதுவும் ஒரு மாடி. சித்தி அப்போதே கொடியை அவிழ்த்தார்.

“அப்ப இன்வெர்ட்டர்ங்கறது என்ன பண்ணுது?”

அடுப்பைக் காட்டினேன். பழைய ஏசிக்கு ஒரே வேகம். அடுப்பு முழுத் தீயில் எரியும், அணையும், மறுபடி முழுத் தீயில் எரியும். 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை அந்த ஏசிகளில் வெறும் நம்பிக்கைதான். தீயின் அளவு மாறாது, எரியும் நேரம்தான் நீளும். இன்வெர்ட்டர் டீயைச் சிம்மில் வைப்பதுபோல் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதில் லாபம் எங்கே என்பதைப் பலரும் சரியாகச் சொல்வதில்லை. மெதுவாக ஓடும்போது மூட்டை குறைவு, குழாய்ச்சுருளோ அதே பெரிய சுருள். சூடு கைமாற நிறைய இடமும் நேரமும் கிடைப்பதால் உட்சுருள் அவ்வளவு சில்லிட வேண்டியதில்லை, வெளிச்சுருள் அவ்வளவு கொதிக்க வேண்டியதில்லை. மாடி தணிந்துவிடுகிறது. ஆனால் சிம்முக்கு வர வாய்ப்பிருந்தால்தான் இந்த லாபம். ராத்திரி முழுக்க மூட்டை வந்துகொண்டே இருந்தால் அது முழுத் தீயிலேயே எரிந்துகொண்டிருக்கும்.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். ஒன்பது மணிக்கு, ஏசி போடுவதற்கு முன்னால், சித்தப்பாவை ஸ்டூல்மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். “என்னம்மா இது, வெயில் போய் மூணு மணி நேரமாச்சே?”

அந்த அறைக்கு மேலே உள்ள தளம் 120 சதுர அடி. உச்சிவெயிலில் அந்த இடத்தில் மட்டும் சுமார் 11 கிலோவாட் வெயில் விழுகிறது; ஏசி வெளியேற்றக்கூடிய சூட்டைப்போல் இரண்டு மடங்கு. பாசி படிந்து கறுத்த சிமென்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுங்கும். காற்றும் வானமும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள, மிச்சம் கான்கிரீட்டுக்குள் இறங்கும். ஐந்து அங்குலக் கனத்தில் அந்தத் தளத்தின் எடை மூன்று டன்னுக்கு மேல். அது பத்து டிகிரி சூடேறினால் சேமித்து வைக்கும் வெப்பம் ஏறக்குறைய 8 யூனிட். பகலெல்லாம் சேர்த்ததை ராத்திரி இறக்கும், நாம் தூங்கும் நேரம் பார்த்து. பாதி மேலே போய், பாதி அறைக்குள் இறங்கினாலும் நாலு யூனிட் சூடு. அதைத் தூக்கிப் போட ஒரு யூனிட் மின்சாரம். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். சித்தப்பா அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட கொத்தனார்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். இன்று பல வீடுகளில் வெறும் கான்கிரீட்டும் நீர்க்காப்புப் பூச்சும்தான். நம் ஊரில் இதைவிடப் பெரிய மின்சார நஷ்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு மூட்டை கண்ணுக்குத் தெரியாது. ஏசித் தண்ணீரைச் சித்தி வாளியில் பிடித்து வைக்கிறார், தரை துடைக்க. ராத்திரிக்கு ஆறு லிட்டர் சேர்கிறதாம். காற்றில் ஆவியாக இருந்த ஒவ்வொரு லிட்டரையும் தண்ணீராக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். ஆறு லிட்டருக்கு நாலு யூனிட் சூடு. கூரையின் மூட்டைக்குச் சமம். சென்னையின் கடற்காற்று ஈரத்தை நிறுத்த முடியாதுதான். ஆனால் குளியலறைக் கதவு திறந்தே கிடக்கிறது, மழைநாளில் ஈரத்துணி அறைக்குள் காய்கிறது, கதவடியில் விரல் நுழையும் இடைவெளி. இவை தடுக்கக்கூடியவை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று ரெண்டு டன் வாங்காமல் விட்டதும் நல்லதாயிற்று. தேவைக்கு மிஞ்சிய பெட்டி அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். ஈரம் வடிய நேரமிருக்காது, சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும்.

“அப்ப ஃபோன்ல இருக்கிற இதெல்லாம் வீணா?”

வீணில்லை. 1883ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அவர் வகுப்பறைகளில் சூடு சரியாக இருக்கிறதா என்று ஊழியர் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய்த்தான் உலையைத் திருத்த வேண்டும். குளிர்நாடுகளில் ஆளில்லாத வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் கொதிகலனை நிறுத்த அதன் வாரிசுகளான இன்றைய புத்திசாலிக் கருவிகள் பெரிதும் உதவுகின்றன. நம் வீட்டிலும் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக 27க்கு ஏற்றிவிடச் சொல்லலாம். அன்றே அப்படி அமைத்துக் கொடுத்தேன். பெரிய அலுவலகங்களில் நூறு பேர் இருக்கும் அறைக்கும் நாலு பேர் இருக்கும் அறைக்கும் வேண்டிய காற்றைக் கரியமில வாயுவின் அளவை வைத்தே உணரிகள் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் வந்த சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அவற்றுக்குத் தெரியும். கூரைக்கு நிழல் போட எந்தச் செயலியாலும் முடியாது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011ல் திறந்த கட்டடம். முதலில் சன்னல்களுக்கு வெளியே நிழல், சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு என்று மூட்டையைக் குறைத்தார்கள். பிறகு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குளிர்ந்த காற்று, மறு பாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் ஓடிய பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவழித்தது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டைச் சுமக்க மூவாயிரம் லிட்டருக்கும் மேலான காற்று வேண்டும். தவிர, தளம் முழுவதுமே குளிர்வதால் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்க வேண்டியதில்லை. மறுபடியும் அதே மாடிக் கணக்கு. ஒரே கூரையின்கீழ் இரண்டையும் ஓட்டி அளந்து பார்த்த அந்தத் துணிவுக்காகவே அந்தக் கட்டடத்தை மதிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மொட்டைமாடியைத் தேய்த்துக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தோம். புதுச் சுண்ணாம்பு வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், தூசியில் மங்கும். வருஷா வருஷம் மாசி முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். திரைச்சீலை உள்ளே இருப்பதால் அதுவரை கண்ணாடி தாண்டிய வெயில் அறைக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தது. படுக்கையறைக்கு மேலே முடிந்தபோது சுண்ணாம்பு தீர்ந்தது. ஹாலுக்கு மேலே தளம் பழைய கறுப்பாகவே நின்றது.

நாலு நாள் கழித்து ராத்திரி ஒன்பதரைக்குச் சித்தப்பா ஃபோன் செய்தார். ஸ்டூலை ஹாலுக்கு இழுத்துப்போய்க் கூரையைத் தொட்டுப் பார்த்தாராம், பிறகு படுக்கையறைக்கு இழுத்துவந்து அங்கேயும். பின்னால் சித்தி, “கீழே விழுந்து வைக்காதீங்க” என்பது கேட்டது.

“அம்மாடி, ஹாலுக்கு எத்தனை கிலோ சுண்ணாம்பு வேணும்?”