கட்டியின் முனையில் பிறந்த ‘டாட்’

கிரிக்கெட் வர்ணனையில் ‘டாட் பால்’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். ரன் எதுவும் வராத பந்து அது. ஸ்கோர் எழுதுபவர் அந்தப் பந்துக்கு எண் போடாமல் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியே பந்துக்குப் பெயராகிவிட்டது. ஓவரின் ஆறு பந்துகளும் புள்ளியாகவே முடிந்தால், அவற்றைக் கோடிழுத்து இணைத்து ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தாக்குவதும் உண்டு. மெய்டன் ஓவருக்கான அடையாளம் அது.

‘டாட்’ என்ற சொல் பிறந்தது காகிதத்தில் அல்ல, உடம்பில். பழைய ஆங்கிலத்தில் அதற்கு, சீழ்க்கட்டி பழுத்து மேலெழும் முனை என்று பொருள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவக் குறிப்பு ஒன்றில் ஒரே ஒரு முறை வருகிறது. அதன்பின் சில நூற்றாண்டுகளுக்கு எழுத்தில் அதன் தடமே இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் சிறு உருண்டை என்ற பொருளில் திரும்பி வந்து, அடுத்த நூற்றாண்டில்தான் பேனா வைக்கும் புள்ளியைக் குறிக்கலாயிற்று.

அதே 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டன், எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்துக் கணிதம் எழுதினார். ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் திசைவேகம். இரண்டு வைத்தால் முடுக்கம். சுருக்கமான, அழகான முறை. ஆனால், எதைப் பொறுத்து மாறுகிறது என்பதைப் புள்ளி சொல்லாது. ஜெர்மனியின் லைப்னிட்ஸ் வகுத்த ‘டி’ முறை அதையும் சொன்னது. ஐரோப்பியக் கணிதம் அந்த வழியில் விறுவிறுவென வளர, நியூட்டன் மேலுள்ள பற்றால் பிரிட்டன் புள்ளியை விடவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இந்தப் பிடிவாதத்தால் எத்தனை திறமைகள் வீணாயினவோ!

1812-இல் சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் முதலிய கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘டி’ முறைக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதுமையில் அறிவு மங்குவதற்கு ஆங்கிலத்தில் ‘டோட்டேஜ்’ என்று பெயர். அதை ‘டாட்-ஏஜ்’ என்று உடைத்து, பல்கலைக்கழகத்தின் புள்ளிப் பித்தைச் சாடினார் பாபேஜ். 1817-இல் பீகாக் தேர்வாளரானதும் வினாத்தாளிலேயே ‘டி’ ஏறிவிட்டது. நியூட்டனின் புள்ளி அழியவில்லை. நேரத்தைப் பொறுத்த மாற்றத்தை எழுத இயற்பியலாளர்கள் இன்றும் அதைத்தான் வைக்கிறார்கள்.

தந்தி வந்ததும் புள்ளி ஒலியாயிற்று. மோர்ஸ் முறையில் அது ஒரு கால அளவு. கோடு அதைப்போல் மூன்று மடங்கு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் ‘ஈ’ எழுத்துக்கு ஒற்றைப் புள்ளி போதும். பழகிய காதுக்கு அது ‘டிட்’, கோடு ‘டா’.

இணையத்தில் இந்தப் புள்ளிக்கு நிர்வாகப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. பட்டியல் நீள நீளப் பராமரிக்க முடியவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயர்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். முகவரியில் வரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு படிநிலையின் எல்லை. வலமிருந்து இடமாகப் படித்தால் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கலாம். முழுமையாக எழுதினால் ‘டாட் காம்’ என்பதற்குப் பின்னாலும் இன்னொரு புள்ளி உண்டு. எல்லாப் பெயர்களுக்கும் வேரான இடத்தை அது குறிக்கிறது. நாம் தட்டச்சு செய்யாவிட்டாலும் கணினி அதைச் சேர்த்தே படித்துக்கொள்கிறது.