ஆறு மீட்டர் கயிறும் மருங்காபுரிப் பிள்ளைகளும்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்வதைவிடக் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் படித்த அண்ணன் ஒருவராவது இருக்கிறார். கயிற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இந்தத் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் இரண்டில் ஒன்று. 100 மீட்டர், 400 மீட்டர் ஓட்டத்தில் ஒன்று. கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. ஐந்தைத் தொடாதவருக்கு நட்சத்திரம் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு உயரத்தில் 3 சென்டிமீட்டர் தளர்வு உண்டு. மற்றவர்களுக்கு 170 என்றால் நம் பிள்ளைகளுக்கு 167. கயிற்றில் எந்தத் தளர்வும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை. நாம் கேட்பது வேறு.

6 மீட்டர் என்பது ஏறக்குறைய 20 அடி. காங்கிரீட் வீட்டின் மொட்டை மாடியைத் தாண்டி நிற்கும் உயரம். கையோ காலோ எதை எப்படிப் பயன்படுத்தினாலும், ஒரு கையை விட்டு மறு கையை மேலே வைக்கிற அந்த ஒரு நொடியில் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும்தான். ஆகவே இதைக் கயிறு ஏறும் போட்டி என்பதைவிடப் பிடிவலுப் போட்டி என்று சொல்வதே சரி.

மருங்காபுரி வட்டாரத்துச் சேரிகளிலிருந்து இந்தப் போட்டிக்குப் போகிறவர்களோடு சில ஆண்டுகளாக நாமும் மைதானத்து வாசல் வரை போய்வருகிறோம். திருச்சிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். தூரம் என்று பார்த்தால் பெரிதில்லை என்று நகரத்துக்காரர்களுக்குத் தோன்றும். துவரங்குறிச்சி வழியாக மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில் விடிய விடியப் பஸ் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சாலைக்கு வந்து சேர்வதற்கு விடியற்காலை மூன்று மணிக்குச் சேரியிலிருந்து எந்த வண்டியும் இல்லை. பைக் உள்ள வீடு ஒன்றிருந்தால் அந்த பைக் அன்றைக்கு வேறு எங்காவது போயிருக்கும். அதனால் முதல் நாள் மாலையே கிளம்பிவிடுகிறார்கள். முன்பு மத்தியப் பேருந்து நிலையத்தில் படுத்தார்கள், இப்போது பஞ்சப்பூர். சான்றிதழ் ஃபைலைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அது களவு போய்விடுமோ என்று பாதித் தூக்கம். இரவு இரண்டு பரோட்டா, காலையில் ஒரு டீ. இப்படி வந்த கையோடுதான், முந்தின இரவு தன் வீட்டில் தூங்கி, முட்டையும் வாழைப்பழமும் தின்றுவிட்டு அப்பாவின் வண்டியில் வந்து இறங்கிய கை போட்டி போடுகிறது. கயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிடிவலுவைப் பற்றி மருத்துவ உலகம் சொல்வது ஒன்று உண்டு. 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையுள்ள ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடியைக் கருவி வைத்து அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பிடிவலு 5 கிலோ குறையக் குறைய, ஏதோ ஒரு காரணத்தால் இறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. யாருக்குச் சாவு முந்தி வரும் என்று கணிப்பதில் ரத்த அழுத்தத்தைவிட இந்த எளிய அளவு நன்றாக வேலை செய்தது. ஏழை நாடுகளில் சராசரிப் பிடி குறைவு, பணக்கார நாடுகளில் அதிகம் என்பதும் அதில் உண்டு. நமக்கு இது ஆச்சரியம் இல்லை. தாய் வயிற்றில் இருந்தபோது அவள் தின்றது, ஐந்து வயதில் தட்டில் விழுந்தது, பள்ளியில் கிடைத்த முட்டை, எல்லாம் சேர்ந்துதான் இருபது வயதில் விரலில் இறங்குகிறது.

தமிழ் படித்த நமக்கு இந்த இடத்தில் புறநானூறு நினைவுக்கு வராமல் இருக்காது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் பெருநற்கிள்ளி, தந்தையோடு மனம் வேறுபட்டுப் பிரிந்து, வேற்றூரில் வறுமையில் வாழ்ந்தவன். முக்காவனாட்டு ஆமூருக்குப் போய் அங்கிருந்த பேர்பெற்ற மல்லனோடு மோதி வென்றான். இது 80ஆம் பாட்டில் வரும் செய்தி, பாடியவர் சாத்தந்தையார். கூழ் குடித்தும் அவனுக்குத் தோள் பெரிதாக இருக்கிறது என்று வியந்தவர் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர். திருச்சி மண்ணின் பிள்ளை ஒருவன் வெளியூர் போய்ப் பிடி போட்ட கதை என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் கூழ் குடித்த அரச குமாரனைப் பாட இரண்டு புலவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கூழ் குடித்தவர்களின் தோளை யார் பாடினார்கள்?

இந்தப் பிள்ளைகளின் கையில் வலு இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மருங்காபுரி வானம் பார்த்த பூமி. இங்கே கிணறு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், கடப்பாறை போட்டவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். கயிறு ஏற்றத்துக்கு மகனை அனுப்பிய ஒரு தகப்பன் நம்மிடம் சொன்னார்: "கெணறு வெட்டுறப்ப வடக்கயித்தப் புடிச்சுத்தான் நாங்க எறங்குவோம், ஏறுவோம் தம்பி. அப்ப எவனும் நட்சத்திரம் குடுக்கல." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் மகன் பிளஸ் டூ முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர். தகப்பன் கையில் இருந்த காய்ப்பு மகன் கையில் இல்லை. இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படவும் இல்லை. அந்தக் காய்ப்பிலிருந்து தப்பிக்கத்தானே படிக்க வைத்தது. வேலையில் வந்த வலு போய்விட்டது, பயிற்சியில் வர வேண்டிய வலு வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது இந்தத் தலைமுறை.

பயிற்சி என்றால் என்ன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொங்கிப் பழக வேண்டும். முதலில் பத்து நொடி, பிறகு இருபது, பிறகு நாற்பது. முன்னங்கைச் சதை சில வாரங்களில் தேறும்; விரலை இழுக்கிற தசைநார்கள் தேற மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் முழங்கையில் வலி பிடித்துக்கொள்ளும். உள்ளங்கைத் தோல் கொப்புளித்து, உரிந்து, பிறகு தடிக்கும். வேர்வைக்கு மண்ணோ சாம்பலோ தேய்த்துப் பழகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 6 மீட்டர் ஏற வேண்டியவர் 6 மீட்டர் உயரத்தில் பழக வேண்டும். அங்கேதான் நம் சிக்கல்.

ஒரு கிராமத்தில் நான்கு பிள்ளைகள் காசு போட்டுக் கயிறு வாங்கினார்கள். ஊர் பெயர் வேண்டாம். அவர்கள் வீடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பொது இடத்தில் நிற்கும் பெரிய புளியமரத்தில் கட்டினார்கள். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வந்து அவிழ்க்கச் சொன்னார்கள். தூக்குக் கயிறு மாதிரித் தொங்குகிறது, ஊருக்கு ஆகாது என்பது சொல்லப்பட்ட காரணம். அதே மரத்தில் பொங்கலுக்கு ஊஞ்சல் கட்டுவார்கள். உறியடிக்கும் கயிறு கட்டுவார்கள். அந்தக் கயிறுகள் ஊருக்கு ஆகும். பிள்ளைகள் சண்டைக்குப் போகவில்லை. போனால் வழக்கு வரும், வழக்கு வந்தால் போலீஸ் வேலைக்கான நன்னடத்தை விசாரணையில் அது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இருபது வயதில் இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கயிறு தூர்ந்துபோன ஒரு கமலைக் கிணற்றின் கல்தூணுக்கு மாறியது. இரண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டுக் கட்டினார்கள். உயரம் மூன்றரை மீட்டர். அதில் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஏழு மீட்டர் கணக்கு வந்துவிடும் என்று நினைத்தார்கள். வராது. மூன்றரை மீட்டர் ஏறி இறங்குகிற கைக்கு நடுவில் ஓய்வு கிடைத்துவிடுகிறது. மைதானத்தில் நான்காவது மீட்டரில் கண் கீழே பார்க்கிறது, அந்த உயரம் உடம்புக்குப் புதிது, முன்னங்கை எரிகிறது, விரல் தானாகத் திறக்கிறது. நால்வரில் ஒருவர் 6 மீட்டரைத் தொட்டார். ஒருவர் ஐந்தோடு நின்றார். இருவர் நாலரையைத் தாண்டவில்லை. ஆறு தொட்டவர் சின்ன வயதிலிருந்து பனை ஏறுகிற தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர் என்பதைச் சொன்னால் மற்றது விளங்கும்.

கீழே இறங்கி வந்த ஒருவர் நம்மிடம், "கை விட்டுருச்சுண்ணே" என்றார். "விட்டுட்டேன்" என்று சொல்லவில்லை. கை வேறு, தான் வேறு என்பதுபோல.

பெண் பிள்ளைகளுக்குக் கயிறு இல்லை. குண்டு எறிதல் உண்டு. அதுவும் கைப்பிடியில் தொடங்குவதுதான். அவர்களுக்குக் கயிற்றைவிடப் பெரிய தடை முதல் நாள் இரவு. பேருந்து நிலையத்தில் படுக்க முடியாது. கூட அம்மாவோ அப்பாவோ வர வேண்டும். வந்தால் அவர்களுக்கு இரண்டு நாள் கூலி போகும். அந்தக் கணக்கில் விண்ணப்பமே போடாமல் விட்ட பெண்களை நமக்குத் தெரியும்.

பிடிவலுவுக்கென்றே உலகம் முழுக்கப் போட்டிகள் நடக்கின்றன. தாமஸ் இன்ச் என்ற ஆங்கிலேயர் நூறு ஆண்டுகளுக்கு முன் வைத்திருந்த 78 கிலோ இரும்புக் குண்டின் கைப்பிடி 6 சென்டிமீட்டர் தடிமன். எடையைவிட அந்தத் தடிமன்தான் ஆளை வீழ்த்தும். அதன் நகல்களை ஒற்றைக் கையால் தரையிலிருந்து எடுத்துக் காட்ட இன்றும் நாடு விட்டு நாடு போகிறவர்கள் உண்டு. போகட்டும், நல்ல விளையாட்டு. தோற்றால் திரும்பிவந்து அடுத்த ஆண்டு போவார்கள். நம் பிள்ளை தோற்றால் திருப்பூருக்குப் போகிறான்.

நம்மவர்களிடமும் பிடியை நம்பித் தூரம் போனவர்கள் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பிய கணேசன், 1994இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். 1995இல் அர்ஜுனா விருது பெற்றார். தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் கொந்தளித்த காலம் அது. அவர் வாழ்க்கையின் தூண்டுதலில்தான் மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன் காளமாடன்' எடுத்தார். படம் பார்த்துவிட்டு மருங்காபுரிப் பையன்கள் நம்மிடம் பேசியது கபடியைப் பற்றி அல்ல. ஊரை விட்டு வெளியே போவதற்கே அவர் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதைப் பற்றி. அதே ஆண்டு அக்டோபரில் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு திரும்பினார். சென்னையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிவைத்த பகுதி கண்ணகி நகர். கபடிக்கு நல்லவேளையாகக் கயிறு வேண்டாம், மரம் வேண்டாம். கோடு கிழிக்க மண் இருந்தால் போதும்.

காவலர் வேலைக்கு ஏன் இத்தனை பாடு என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். காவல் துறையோடு நமக்குள்ள கசப்பு அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. புகாரோடு நிலையத்துக்குப் போகிற நம் பெண் ஒருத்தி இன்னும் வாசலில் நின்று யோசிக்கிறாள். உள்ளே மேசைக்குப் பின்னால் தன் தெருப் பேச்சைப் பேசுகிற ஒருவர் இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அவள் உட்காரச் சொல்லப்படுவாள். அது சின்ன விஷயம் இல்லை. மாதச் சம்பளமும் சின்ன விஷயம் இல்லை; அதைப் பேச வெட்கப்படுகிறவர்கள் பசியறியாதவர்கள்.

எழுத்துத் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, பயன்படுத்துங்கள். தாட்கோ அறிவிக்கும் பயிற்சிகளையும் கவனியுங்கள். கயிற்றுக்கு மட்டும் ஊருக்குள்ளேயே வழி செய்தாக வேண்டும், ஏனென்றால் பிடி என்பது மாதக்கணக்கில் தினமும் பழகினால்தான் வரும். வாரம் ஒருநாள் திருச்சிக்குப் போய் வருவதால் வராது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. ஒரு திருவிழா ஃபிளெக்ஸ் பேனர் செலவில் கயிறு வாங்கிவிடலாம். தூணுக்குத்தான் கொஞ்சம் பணம் வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மருங்காபுரி ஒன்றியத்து ஊராட்சிகளில் அடுத்த கூட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் இதை எழுதிக் கொடுத்து, தீர்மான நோட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: 7 மீட்டர் உயரத்தில் இரும்புத் தூண் இரண்டு, குறுக்குச் சட்டம் ஒன்று, கயிறு இரண்டு, கீழே மணல் குழி, மாலை வேளைக்கு ஒரு விளக்கு. இடம், ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டிய புறம்போக்கு.