அம்மா மறைத்த மாத்திரை

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்" என்று காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்கு நான் சொல்லாத வாரம் இல்லை. என் வீட்டிலேயே அது நடக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம். இதயமும் கொஞ்சம் பலவீனம். கடந்த ஆண்டு வரிசையாகக் கல்யாணங்கள். மூன்றாவது கல்யாணத்தன்று செருப்பு அவர் காலில் நுழையவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. அன்றிரவு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்கு ஓடினோம்.

"நீர் மாத்திரையைத் தினமும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா தலைகுனிந்தார். "வெளிய போற நாள்ல போடுறதில்ல டாக்டர். மண்டபத்துல எத்தனை தடவ எந்திரிச்சுப் போறது? அப்புறம் மத்த நாளும் விட்டுப்போச்சு."

டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தின் வழியாக உப்பை வெளியேற்றுகின்றன. உப்போடு நீரும் போகிறது. அழுத்தம் குறைகிறது, வீக்கம் வடிகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைட் போன்றவை. வீக்கத்துக்கு வீரியமான ஃபுருசமைட். அம்மாவுக்கு இரண்டாவது வகை. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

அங்கேதான் வழி பிறந்தது. காலையில் கல்யாணம் என்றால், வீடு திரும்பியதும் மதியம் போட்டுக்கொள்ள டாக்டர் அனுமதித்தார். இரவில் போட்டால் தூக்கம் கெடும். உங்கள் வீட்டில் நேரத்தை மாற்றும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இன்னும் சில:

• இந்த மாத்திரைகளால் உடலில் பொட்டாசியம் குறையலாம். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

• மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மருந்தின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

• வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் வந்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள்.

• கருவாடு, கிச்சாப்பு, மேகி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது.

இப்போது அம்மா தினமும் காலையில் எடை பார்த்து நாள்காட்டியில் எழுதுகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் டாக்டரை அழைக்க வேண்டும்.

நானோ, மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிவறை எங்கே என்று பார்த்து, அதற்குப் பக்கத்து மேசையில் அம்மாவுக்கு இடம் பிடிக்கிறேன். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பதோடு, "போடுவதில் என்ன சிரமம்?" என்றும் உங்கள் பெற்றோரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.