ஆழம் அறிந்து செல்வோம்

விடுமுறை நெருங்குங்கால் மாணவர் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே செல்வோம்?" என்பதாகும். பெற்றோர் உள்ளத்தில் எழுவதோ, "எவ்வளவு செலவாகும்? பிள்ளை பத்திரமாகத் திரும்புமா?" என்பதாகும். இவற்றுக்கு ஒருங்கே விடை தரவல்லது முன்னேற்பாடு ஒன்றே. கல்விச் சுற்றுலா ஒன்றை எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பினாங்கு தேசியப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

பூங்காவின் இயல்பு

பூங்கா என்றதும் பூச்செடிகளையும் ஊஞ்சல்களையும் எண்ணிவிடுதல் கூடாது. இது காடும் கடலும் கைகோத்து நிற்கும் இடம். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங் என்னும் மீனவர் ஊரை அடுத்து அமைந்துள்ளது. முன்னர் பந்தாய் ஆச்சே வனக் காப்பிடமாக இருந்த இப்பகுதி, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலுமாகச் சேர்த்து இதன் பரப்பு ஏறக்குறைய 2,500 ஹெக்டர். நம் தோட்டக் கணக்கில் சொன்னால் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்ட பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இப்பூங்காவும் அடங்கும்.

செம்பனையும் ரப்பரும் வரிசை வரிசையாக நிற்கக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, எவரும் நடாமல் தானே வளர்ந்த காடு புதுமையாகத் தோன்றும். மெராந்தி முதலிய நெடுமரங்களும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் கெண்டிச் செடிகளும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்குகளும், வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் அங்குள. 1883இல் கட்டப்பெற்ற முக்கா முனைக் கலங்கரை விளக்கமும் பூங்காவினுள்ளேயே இருக்கிறது.

இரு நீர் கொண்ட ஏரி

இப்பூங்காவிற்குத் தனிச் சிறப்புத் தருவது பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டிய ஏரியாகும். மலையிலிருந்து வரும் ஓடைகள் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. கடல் பெருகும்போது உப்புநீரும் வந்து புகுகின்றது. உப்புநீர் கனமானது, ஆதலின் அடியில் தங்குகின்றது. நன்னீர் இலேசானது; ஆதலின் மேலே நிற்கின்றது. ஒரே ஏரியில் இரு நீரும் கலவாமல் அடுக்காக இருக்கின்றன. நம் நாட்டில் இத்தகைய ஏரி மிக அரிது.

மாணவர்களே, இவ்வுண்மையைப் புறப்படுமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். நிறம் தெரிவதற்காகச் சிறிது தேநீர்ச் சாயத்தை அதில் கலந்துகொள்ளுங்கள். பின்னர், கரண்டியின் முதுகில் வழியுமாறு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். சாயநீர் கீழும் தெளிநீர் மேலுமாக நிற்பதைக் காண்பீர்கள். வேகமாக ஊற்றினாலோ கலக்கினாலோ இரண்டும் ஒன்றாகிவிடும். இதனைச் செய்து பார்த்த மாணவன் அவ்வேரியைக் காணும்போது வியப்பதோடு நில்லான். அதன் காரணத்தையும் பிறர்க்கு எடுத்துரைப்பான்.

மழை குன்றிய காலத்தில் ஏரி வற்றிச் சேறாகக் கிடப்பதும் உண்டு. அப்போது "ஏரியைக் காணோமே!" என்று சோர்வடைய வேண்டா. மழையும் கடலும் சேர்ந்தே ஏரியை உண்டாக்குகின்றன என்பதற்கு அவ்வெறுந்தரையும் ஒரு சான்றேயாகும்.

அதே கடற்கரையில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்றும் உண்டு. கடலாமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகின்றன. குஞ்சுகள் வெளிவர இரண்டு மாதமளவு ஆகும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் பெருகும். கடலில் மிதக்கும் நெகிழிப் பையை உணவென்று எண்ணி விழுங்கி ஆமைகள் மடிகின்றன. ஆகவே, நாம் கொண்டு செல்லும் பைகள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவருதல் கடமையாகும்.

காலமும் வழியும்

குளிர்நாட்டாருக்குக் கோடை என்பது தனிப் பருவம். நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில்தான். நாம் கணக்கிட வேண்டியது மழையை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குறைவு. எந்த மாதமாயினும் பிற்பகலில் இடிமழை பெய்யக்கூடும். ஆகையால் விடியற்காலையில் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நடையைத் தொடங்குவதே அறிவுடைமை.

பெருநிலத்திலிருந்து செல்லும் பேருந்து, பாலத்தைக் கடந்து ஜார்ஜ்டவுன், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங்கை அடையலாம். குடும்பமாகச் செல்வோர் ஜார்ஜ்டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் செல்லலாம். பூங்கா வாயிலில் உள்ள அலுவலகத்தில் பெயர்களைப் பதிவு செய்தல் வேண்டும். இதனை வீண் சடங்கென்று கருதலாகாது. மாலைக்குள் யாரேனும் திரும்பாவிடில் தேடுவதற்குரிய கணக்கு அதுவே.

வாயிலிலிருந்து ஏரிக்கரை வரை காட்டுவழி மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதையாதலால் பெரியவர்களுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். சிறுவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குதல் நன்று. எனவே நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களை மட்டும் அழைத்துச் செல்வது பொருத்தமாகும். மண்சரிவு முதலிய காரணங்களால் பாதை மூடப்படுவதும் உண்டு. ஒரு வாரத்திற்கு முன்னரே பூங்கா அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும். களைத்தவர்கள் படகில் திரும்பலாம். ஆனால் உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவர்க்கும் இருந்தாலன்றிப் படகில் கால் வைக்கலாகாது. கடல் கொந்தளித்தால் படகை நாடவும் கூடாது.

செலவும் சேமிப்பும்

பேருந்துக் கூலி, நுழைவுக் கட்டணம், படகுக் கூலி, உணவு என்னும் நான்கையும் முன்கூட்டியே எழுதிப் பார்த்தல் வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, ஆதலால் செல்லும் ஆண்டின் கணக்கையே கேட்டறிய வேண்டும். பேருந்துக் கூலி பங்கிடப்படுவதால், வருவோர் தொகை கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வாரம் ஒரு வெள்ளி வீதம் நாற்பது வாரம் சேமித்தால் நாற்பது வெள்ளியாகும். பிள்ளைகள் பலர் உள்ள வீட்டிற்கு அதுவும் பாரமாயிருக்கலாம். அத்தகைய மாணவர்களின் பங்கைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொள்ளுதல் முறை. அவர்கள் பெயரை வகுப்பில் படித்துக் காட்டுதல் கூடாது. பணமில்லாமையால் ஒரு பிள்ளை வீட்டில் தங்கி, மறுநாள் மற்றவர் கதையைக் கேட்டிருக்கும் நிலை நம் பள்ளியில் நேரலாகாது. உணவு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம். ஒவ்வொருவரும் ஒன்றரை லிட்டர் குடிநீர் கொண்டு வருதல் வேண்டும்.

நீரைக் குறித்த அச்சம்

"என் பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் உண்டு" என்று கூறிச் சில தாய்மார்கள் அனுமதி மறுப்பர். அவர்தம் அச்சத்தை நாம் நகைக்க மாட்டோம். நீர் ஆபத்தானது என்பது மெய்யே. ஆயினும் தோட்டத்துக் கால்வாயும் குட்டையும் பிள்ளைகளுக்கு அன்றாடம் எட்டும் தொலைவில் உள்ளனவன்றோ? நீரைக் காட்டாமல் வளர்ப்பதைவிட, நீரை அறிந்து ஒழுகக் கற்பிப்பதே உண்மையான பாதுகாப்பாகும். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் சொன்ன பழமொழியின் பொருளும் இதுவே.

ஆகவே, பின்வரும் விதிகளைப் புறப்படுமுன்னரே மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பந்தாய் கெராச்சுட்டில் கடலில் இறங்கக் கூடாது. அங்கே நீரோட்டம் வலிது; கொட்டும் இயல்புடைய இழுது மீன்களும் உள. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் இழுது மீனையும் தொடலாகாது. கொட்டிவிட்டால் அவ்விடத்தைத் தேய்க்காமல் காடியை ஊற்றி, உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஏரியின் விளிம்பில் சேறு புதையும்; பாலத்திலிருந்தும் பாதையிலிருந்தும் பார்த்தலே போதும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவோ காட்டவோ கூடாது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் இணை உண்டு. இணையை விட்டு எவரும் தனியே நகரலாகாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்னும் கணக்கில் பெற்றோரும் உடன் வருதல் வேண்டும்.

பெற்றோர்களே, அனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது உடனே கையொப்பமிட்டுவிட வேண்டா. உடனே மறுத்துவிடவும் வேண்டா. பொறுப்பாசிரியரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளையைக் கவனிக்கும் பெரியவர் யார்? பிள்ளைகள் எத்தனை முறை எண்ணப்படுவர்? மழை வந்தால் என்ன ஏற்பாடு? படகில் அங்கி உண்டா? என் பிள்ளைக்குள்ள நோயும் மருந்தும் யாருக்குத் தெரியும்? ஐந்திற்கும் தெளிவான விடை கிடைத்தால் மனநிறைவோடு கையொப்பமிடுங்கள். ஒன்றிற்கேனும் விடை இல்லையெனில் அதனைச் சரிசெய்யும் வரை நாங்கள் புறப்படோம். அவ்வாறு கேட்கும் உரிமை உங்களுடையது; விடை சொல்லும் கடமை எங்களுடையது.