உளி பிடித்த அஞ்சல் ஊழியர்

"தபாலாபீசில் வேலை பார்ப்பவனுக்குச் சிற்பம் ஒரு கேடா?" - இப்படிக் கேட்கும் பெரிய மனிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கலை எமக்கு, கடும் உழைப்பு உமக்கு! மாளிகை எமக்கு, மண்சுமப்பது உமக்கு! - இது அவர்கள் எழுதி வைத்துக்கொண்ட பாகப்பிரிவினை. அந்தப் பத்திரத்தைக் கிழித்தெறிந்த ஒருவரைப் பற்றி இன்று தோழர்களிடம் பேச விரும்புகிறோம். பெயர், தாடியஸ் மோஸ்லி. ஊர், அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க். நிறம், கறுப்பு. தொழில், அஞ்சல் துறையில் ஏறத்தாழ 40 ஆண்டு ஊழியம். அந்த ஊழியம் போக மிஞ்சிய நேரத்தில் அவர் கையில் இருந்தது உளி.

1926-ல், பென்சில்வேனியா மாநிலத்து நியூ காசிலில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணி. திரும்பி வந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் இதழியலும் கற்று, 1950-ல் பட்டம். பிறகு 'பிட்ஸ்பர்க் கூரியர்' ஏட்டுக்கு எழுதினார். அது எப்படிப்பட்ட ஏடு தெரியுமா? வெளிநாட்டில் பாசிசத்தை வீழ்த்து, உள்நாட்டில் நிறவெறியை வீழ்த்து, இரண்டு வெற்றியும் வேண்டும் என்று 1942-ல் முழங்கிய கறுப்பு மக்களின் ஏடு! மைக்கறை படிந்த கை என்றால் நமக்குத் தனிப் பாசம், மறைப்பானேன்?

ஏட்டு வருவாய் குடும்பத்தைத் தாங்குமா? அஞ்சல் துறையில் சேர்ந்தார். 1950-களில் ஒரு நாள், நகரத்துப் பெரிய கடையொன்றில் ஸ்காண்டிநேவிய நாட்டு மேசை நாற்காலிகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவற்றோடு அழகுக்காகச் சிறு மரப்பறவைகள். பார்த்தார் மோஸ்லி. இதை நாமே செய்யலாமே என்று தோன்றிற்று. செய்தார். பறவையில் தொடங்கிய கை, ஆளுயரம் தாண்டிய அடிமரங்களில் போய் நின்றது.

சிற்பக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. ஆகவே 'தானே கற்றவர்' என்று ஒரு பட்டம் சூட்டினர் கலை உலகத்தார். பாராட்டுத்தான், ஆனால் பாராட்டுக்குள்ளே ஒரு பரிதாபம் ஒளிந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. பல்கலைக்கழகப் பட்டதாரி அவர்! ஆப்பிரிக்கச் சிற்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ருமேனிய நாட்டுப் பிரான்குசி, ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த நொகுச்சி - இருவரின் படைப்புகளையும் ஊன்றிப் பயின்றவர். 1907-ல் பாரிஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு பிக்காசோ வியந்தார்; அதைப் புதுயுகத்தின் பிறப்பு என்று புத்தகம் எழுதினார்கள். அதே ஆப்பிரிக்கச் சிற்பத்திலிருந்து ஒரு கறுப்புத் தொழிலாளி பாடம் கற்றால், 'தானே கற்றவர்'! பாட்டன் சொத்தை அயலான் எடுத்தால் கண்டுபிடிப்பு, பேரன் எடுத்தால் கைப்பழக்கம்! நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

அவர் மரம் எங்கே வாங்கினார்? பெரும்பாலும் வாங்கவில்லை. நகரத்துச் சாலையோரங்களில் விழுந்த மரம், வெட்டிச் சாய்த்த மரம் - வால்நட், செர்ரி, சிக்கமோர் - விறகாகிப் போகவேண்டிய அடிமரங்களே அவருடைய மூலப்பொருள். தாளில் படம் வரைந்து வைத்துக்கொண்டு வேலை தொடங்குவதில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் முறுக்கையும் கணுவையும் பார்த்து, எங்கே குடைவது, எங்கே விட்டுவைப்பது என்று முடிவு செய்வார். பிறகு உளியும் கொட்டாப்புளியும். முடிந்தபின் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவதும் இல்லை. வரிசை வரிசையாக உளி கொத்திய தடம் அப்படியே நிற்கும், குளத்து நீரில் காற்று எழுப்பும் சிற்றலைபோல.

அதைவிட வியப்பு, அடுக்கும் முறை. கனமான கட்டை கீழே, இலேசானது மேலே - இது கொத்தனாருக்கும் மூட்டை அடுக்குவோருக்கும் தெரிந்த விதி. மோஸ்லி அதைப் புரட்டிப் போட்டார். ஒல்லியான கால் மீது பருத்த அடிமரம். அதன் விளிம்பில் இன்னொரு துண்டு, இதோ விழப்போகிறது என்னும்படி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விழாது! ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு பொருந்தும்படி செதுக்கி, எடைக்கு எடை ஈடு கொடுத்து நிறுத்தியிருப்பார். தலையில் சுமை வைத்து நடந்தவர்கள், தூக்கு இயந்திரத்தின் அருகில் நின்றவர்கள், அந்தச் சிற்பத்தின் முன்னே நின்றால், பேராசிரியர் விளக்கவுரை இல்லாமலே அதன் அருமை புரியும் என்கிறோம்.

"அதுசரி, அது என்ன உருவம்? ஆணா, பெண்ணா, யானையா, குதிரையா?" என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. யானையுமில்லை, குதிரையுமில்லை. மேளம் எதைப் போல இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? தாளம் நம்மைத் தொடுகிறது, தலை ஆடுகிறது. மோஸ்லி ஜாஸ் இசையில் ஊறியவர். எடுத்த பாட்டை அந்த நேரத்துக் கற்பனைக்கேற்ப விரித்துக்கொண்டே போவது ஜாஸ். கிடைத்த மரத்தின் போக்கில் விரிவது அவர் சிற்பம். இன்னொரு நன்மையும் உண்டு. நம் நாட்டில் சிலை என்றாலே எண்ணெய் தடவி, மாலை போட்டு, தட்சணை கேட்க ஒரு கூட்டம் வந்துவிடும். இந்த மரத்தை எவரும் கும்பிடச் சொல்ல முடியாது!

ஆனால் எல்லாம் உருவமற்ற விளையாட்டென்று எண்ணிவிட வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பு மக்கள், செத்தவர்களின் கல்லறையில் மரத்தைச் செதுக்கி அடையாளம் நட்டார்கள். பளிங்குக்கு வழியில்லாதவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம். அதை நெஞ்சில் வைத்து மோஸ்லி 1975-ல் செதுக்கியது 'ஜார்ஜியா வாயில்'.

1968-ல் பிட்ஸ்பர்க் கார்னகி கலைக்கூடத்தில் அவருடைய தனிக் கண்காட்சி. கார்னகி யார்? எஃகு மன்னர்! 1892-ல் பிட்ஸ்பர்க்குக்கு அருகே ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் நின்றபோது, ஆலை நிர்வாகி பிரிக், பிங்கர்டன் கூலிப்படையைப் படகில் ஏற்றி அனுப்பினார். துப்பாக்கிச் சண்டையில் இரு பக்கமும் உயிர் போயிற்று, சங்கம் நொறுக்கப்பட்டது. முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில்! மூன்றே ஆண்டில், 1895-ல், அருங்காட்சியகமும் நூலகமும் திறந்து வள்ளல் பட்டம் பெற்றார். அந்த மண்டபத்தில்தான் சுரங்கத் தொழிலாளியின் மகன் தம் மரங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். உரிமையோடு நிறுத்தினார் என்றே சொல்வோம். அந்தக் கட்டடத்துச் செங்கல் ஒவ்வொன்றிலும் தொழிலாளியின் பங்கு பாக்கி இருக்கிறது.

பிறகு? உலகம் ஓடி வந்து மாலையிட்டதா? இல்லை. 1992-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 2018-ல், அதே கலைக்கூடம் நடத்திய பன்னாட்டுக் கண்காட்சியில் இடம் கிடைத்த பிறகே பெரிய நகரத்துக் கலைவணிகர்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது 92! அரை நூற்றாண்டு, கண் இருந்தவர்கள் எங்கே போயிருந்தார்கள்? அவருக்கு அந்த ஐம்பதாண்டில் சோறு போட்டது கலை உலகம் இல்லை; அஞ்சல் துறைச் சம்பளம். எவன் வாங்குவான், எவன் புகழ்வான் என்று பார்க்காமல் விரும்பியதைச் செதுக்க முடிந்தது அந்தச் சம்பளத்தால்தான். எட்டு மணி வேலை என்று 1886-ல் சிகாகோவில் தொழிலாளர்கள் கேட்டபோது, மிச்ச நேரம் எதற்கு, குடிக்கவா என்று முதலாளிகள் எள்ளினர். மிச்ச நேரம் எதற்கு என்பதற்கு இந்த மனிதரைக் காட்டலாம்.

பிட்ஸ்பர்க்கில் ஹில் வட்டாரம் என்று ஒரு பகுதி. கறுப்பு மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம், ஜாஸ் முழங்கிய இடம். நகரச் சீரமைப்பு என்ற பெயரால் 1950-களின் பிற்பகுதியில் அதன் கீழ்ப்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தில் 1961-ல் ஒரு பெரிய விளையாட்டரங்கம் எழுந்தது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது எஞ்சிய பகுதியும் பற்றி எரிந்தது. அந்த வட்டாரத்துத் தெருமுனையில், 1979-ல், மோஸ்லி தேவதாரு மரத்தில் 14 அடி உயரச் சிற்பம் ஒன்றை நாட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பீனிக்ஸ்'. நுழைவுச் சீட்டு கிடையாது, காவலாளி கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் வைத்தார்.