திருச்சி ஏர்போர்ட் பக்கம் விமானத்தை போட்டோ எடுக்கலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்துல பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஆனா திருச்சி ஏர்போர்ட் இருப்பதே புதுக்கோட்டை ரோட்டில்தான். தாழ்வாக ஒரு விமானம் இறங்கினால் கை தானாக மொபைலுக்குப் போகும். எடுக்கலாமா?

1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி, அரசு விமான நிலையத்தில் அனுமதியின்றிப் படம் எடுக்கத் தடை விதிக்கிறது. பயணிகள் விமானத்துக்குள் இருந்து எடுக்கலாம் என்று 2020-ல் டிஜிசிஏ தெளிவுபடுத்தியது. வெளியே, பொதுச் சாலையில்? விதி பேசுவது வளாகத்தைப் பற்றித்தான். ஆனாலும் சுற்றுச்சுவர் ஓரமா பெரிய லென்ஸோடு நின்றால் விசாரிப்பாங்க. நகரச் சொன்னா நகர்ந்துடுங்க, சட்டம் பேச வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட என்ன இருக்கு? வால்தான்! ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பழைய போயிங் 737-800 விமானங்களின் வாலில் விதவிதமான ஓவியங்கள்; இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் வேற ஒண்ணு. 2023 அக்டோபரில் புதிய தோற்றம் அறிமுகமானது. பந்தனி, காஞ்சிபுரம் பட்டு மாதிரியான துணி டிசைன்கள். அழகுதான். ஆனா ஒரு பழைய விமானம் புது நிறத்துக்கு மாறும்போது அந்த ஓவியம் பெயிண்டுக்கு அடியில் போயிடும். அப்புறம் மிஞ்சுவது யாரோ எடுத்த போட்டோ மட்டுமே.

அதனால வாலோடு பதிவெண்ணும் தெரியணும். எந்த விமானம்னு சொல்வது அதுதான். 'விடி' என்று தொடங்கினால் இந்தியா, '9எம்' மலேசியா, '9வி' சிங்கப்பூர், '4ஆர்' இலங்கை. வெயில் ஏறினால் ஓடுதள அனல் படத்தைக் கலங்கடிக்கும், காலையிலேயே போயிடுங்க.

ட்ரோன்? சுற்றுச்சுவரிலிருந்து 8 கி.மீ. வரை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.