பேறுகால விடுப்புக்குப் பின் குடும்பச் சிக்கனம்

மதுரைக்குத் தென்மேற்கே, முருகப் பெருமானின் அறுபடை வீடுகளில் முதலாவதாகிய திருப்பரங்குன்றத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பம் நடந்த காலம் மறைந்து வருகிறது. ஹார்வி ஆலைத் தொழிலாளர்களுக்கென எழுந்த ஹார்விபட்டி, ஆலை வேலையையும் மாதச் சம்பளத்தையும் இவ்வட்டாரத்து மக்களுக்கு அந்நாளிலேயே பழக்கிவிட்டது. இந்நாளில் கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கும், நகரத்துக் கடைகளுக்கும், மருத்துவமனைகளுக்கும் காலையில் புறப்பட்டுச் செல்லும் பெண்கள் பலர். இவர்களுள் ஒருவர் தாயாகிறார், விடுப்பில் இருக்கிறார், விடுப்பு முடிந்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமையால், வேலையை விட்டுவிடுகிறார். அன்று முதல் அவ்வீட்டின் வரவு ஏறக்குறையப் பாதியாகிறது. செலவோ பாதியாவதில்லை. இந்த இடைவெளியை எவ்வாறு அடைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் விடுப்பைப் பற்றிச் சில சொற்கள். சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டிலேயே பேறுகால உதவிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னர் 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 12 வாரச் சம்பள விடுப்பை அளித்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதனை 26 வாரமாக உயர்த்தியது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த அளவே காணப்படுகிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், சேர்ந்துள்ள பெண்களுக்கு இத்தொகையை அந்நிறுவனமே வழங்குகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம். ஆனால் அதிகாலையில் மல்லிகை பறிக்கச் செல்பவருக்கும், வீட்டிலிருந்து பூக்கட்டிக் கொடுப்பவருக்கும் விடுப்பும் இல்லை, விடுப்புச் சம்பளமும் இல்லை. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பறிப்பவருக்கு இன்னும் 26 வாரம் கிடைக்கவில்லை. அவர்களுக்கு உள்ள ஆதரவு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமே. 2018ஆம் ஆண்டில் அவ்வுதவி ரூ.18,000 ஆக்கப்பட்டது, அதில் ரூ.14,000 பணமாகவும், எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் அமைந்தன. கருவுற்ற தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளாதவர்கள் இதனை இழக்க நேரிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவர் கைக்கு மாதம் ரூ.15,000 வருகிறது. மனைவியின் சம்பளம் ரூ.11,000, வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடித்தது போக அவர் கைக்கு ஏறத்தாழ ரூ.9,600 வருகிறது. ஆக வரவு ரூ.24,600. செலவு வருமாறு: வீட்டு வாடகை 4,500, அரிசி, பலசரக்கு, பால், காய்கறி 7,500, நகைக்கடன் தவணை 2,500, சீட்டு 3,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 1,600, கணவரின் இருசக்கர வண்டி 1,500, மனைவி வேலைக்குச் சென்று வருவதன் செலவு 1,500, உடை, திண்பண்டம், விசேஷங்கள் 2,500. கூட்டினால் சரியாக ரூ.24,600. வந்தது அனைத்தும் செலவாகிறது.

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகள் உள்ளன. பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கின்றனர். வேலையை விடுவது லாபமா நஷ்டமா என்பது ஒன்று. விட்டபின் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதற்கேள்விக்கு விடை காண, வேலைக்குத் திரும்பினால் ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனினும் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பங்கு ஆட்டோவுக்கு 600, தேநீர் சிற்றுண்டிக்கு 500, உடைக்கு 400 என ரூ.1,500 ஆகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு ரூ.2,500 கொடுப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.4,000. ஆகவே வேலையை விடுவதால் கைக்கு உண்மையில் குறைவது 9,600 அன்று, 5,600 தான். ஆனால் இதனைக் கண்டு, ‘இவ்வளவுதானே’ என்று விட்டுவிடலாகாது. மாதந்தோறும் வைப்பு நிதியில் சேர்ந்து வந்த ரூ.1,320-ம், அதனுடன் முதலாளி செலுத்தி வந்த பங்கும் அன்றோடு நின்றுபோகின்றன. கையில் தெரியாத வரவாதலால் அதன் நஷ்டமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் பார்க்க வேண்டிய தேதிகளும் உண்டு. நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால் பணிக்கொடைக்கு உரிமை பெறுகிறார்; சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பும் தொடர்பணியாகவே கருதப்படுகிறது. பத்தாண்டு முடிந்தால் வைப்பு நிதி நிறுவனத்தின் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் ஒருவர் வேலையை விடுவது, அறுவடைக்கு இரண்டு மாதம் இருக்கையில் வயலை விட்டுப் போவது போன்றதன்றோ? மேலும், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இவற்றைக் கேட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்வது நலம். கேட்பதற்குத் தயங்கி வேலையை இழந்தவர்கள் பலர்.

இரண்டாவது கேள்விக்கு விடை கடினமானது. பேற்றுக்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் ரூ.9,600 குறைகிறது, வேலைக்குச் செல்லும் செலவாகிய 1,500 தானாகவே நின்றுவிடுகிறது, எஞ்சிய ரூ.8,100-ஐ வீட்டுச் செலவிலிருந்து எடுத்தாக வேண்டும். இதனைச் சம்பளம் நின்ற மாதத்தில் செய்ய முற்பட்டால் முடியாது. சம்பளம் வந்துகொண்டிருக்கும் 26 வாரங்களிலேயே தொடங்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலான இல்லங்களில் பாலையும் காய்கறியையும்தான் முதலில் குறைக்கின்றனர். இது தலைகீழ் முறை. முதலில் குறைய வேண்டியது கடன். விடுப்புக் காலத்தில் வரும் தொகை, நம் உதாரணக் குடும்பத்துக்கு, ஏறத்தாழ ரூ.66,000. இதனைக் கொண்டு நகைக்கடனை முழுமையாகத் திருப்பிவிட்டால் மாதம் 2,500 மிச்சம். நகையும் வீடு வந்து சேரும். நடந்துவரும் சீட்டை முடித்துக்கொண்டு, புதிய சீட்டில் சேராதிருந்தால் 3,000 மிச்சம். சேமிப்பை நிறுத்தச் சொல்வது இத்தகைய கட்டுரைக்கு முரணாகத் தோன்றலாம். ஆயினும், சீட்டுக்குக் கட்டுவதற்காகக் கைமாற்று வாங்குவது சேமிப்பாகாது. விடுப்பில் இருக்கும்போது குழுக் கடனோ, வீட்டு வாசலுக்கு வந்து தரும் தவணைக் கடனோ புதிதாக வாங்குவது மிகவும் ஆபத்தானது. அதன் தவணை, சம்பளம் நின்ற பிறகுதான் முழு வலிமையோடு வந்து நிற்கும். அவசரமெனில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகையின் பேரில் கடன் பெறலாம். மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடனும் உண்டு. கந்து வட்டி 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மறத்தல் ஆகாது.

அடுத்தது விசேஷங்கள். மதுரை வட்டாரத்தில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை பிறந்த வீட்டில் பெயர் சூட்டு விழா, முடியிறக்குதல், காதணி விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காதணி விழாவுக்குப் பந்தலும், கிடாய் விருந்தும், தாய்மாமன் சீரும், ஊர் முழுதும் பதாகைகளும் இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. மொய் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி விழா நடத்துவோர் உளர். மொய் என்பது வரவன்று. குறிப்பேட்டில் பெயரோடு எழுதப்பட்ட கடன். 500 வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு அந்த 500-ஐயும், முடிந்தால் அதற்கு மேலும், திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரு சம்பளத்தில் வாழும் ஆண்டுகளில் இத்தகைய கடனை ஐம்பது வீடுகளில் பெருக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகுமா? முன்னர் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது கடமை. அதனைக் குறைக்கச் சொல்லவில்லை. புதிதாக வாங்காதிருக்கலாம் என்பதே கூறுவது. குன்றத்துக் கோயிலுக்கு வீட்டார் மட்டும் சென்று முடியிறக்கிக் காது குத்தி வருவதால் சடங்கில் ஒரு குறையும் நேராது. அறநிலையத் துறைத் திருக்கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 செப்டம்பரில் கட்டணம் நீக்கப்பட்டது. விசேஷம், உடை, திண்பண்டம் ஆகியவற்றுக்கான 2,500-ல் 1,300-ஐ இவ்வாறு குறைத்தல் இயலும்.

உணவுச் செலவில் கையை வைக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. பணம் குறையும் வீட்டில் முதலில் உணவைக் குறைத்துக்கொள்பவர் தாயேயாவார். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பது நம் பெண்களின் நெடுநாள் வழக்கம். பாலூட்டும் தாய்க்கோ முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு, பிள்ளை பெற்றவள் இதை உண்ணலாகாது, அதை உண்ணலாகாது என்று முதியோர் விதிக்கும் பத்தியமும் உண்டு. கீரையையும் பருப்பையும் விலக்கும் பத்தியத்தால் நன்மை ஏதுமில்லை. தாயின் உணவில் மிச்சம் பிடித்த பணம் பின்னர் இரத்தசோகைக்கும் சோர்வுக்கும் மருத்துவச் செலவாகப் போகும். இரும்புச்சத்து மாத்திரைகள் பேற்றுக்குப் பின் 180 நாட்களுக்கு அரசு நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகின்றன.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. டப்பாப் பாலுக்குப் பழக்கினால் ஒரு சிறிய டப்பா நான்கு நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு ஏழெட்டு டப்பாக்கள் வாங்க ஒரு சம்பளத்தில் வாழும் வீட்டால் இயலாது. இயலாத வீட்டில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறார்கள். அத்தகைய உணவுகளை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் அங்கன்வாடி மையத்தில் சத்துமாவு பெறலாம். பாலூட்டும் தாய்க்கும் அங்கே சத்துமாவு உண்டு. இதில் மதுரை மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை கூடாத குழந்தையைக் கண்டறிந்து ஊட்டம் அளிக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதன்முதலில் தொடங்கியது. சிக்கனம் எல்லை மீறுகிறதா என்பதை அறிய அந்த எடை அட்டையே நம்பத்தக்க கருவி. குழந்தையின் எடை ஒரு மாதம் ஏறாமல் நின்றால், அம்மாதத்துக் கணக்கில் எவ்வளவு மிச்சம் காட்டியிருந்தாலும் அது மிச்சமன்று.

அப்படியாயின் உணவில் எதைத்தான் குறைப்பது? வாங்கும் இடத்தை மாற்றலாம். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் சந்தை விலையில் சிறு பங்குக்குத் தரப்படுகின்றன. இருவரும் வேலைக்குச் சென்ற நாட்களில் வரிசையில் நிற்க நேரமின்றி இவற்றை விட்டுவிட்டுத் தெருக்கடையில் வாங்கியவர்கள், இப்போது தவறாமல் வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. குன்றத்தாருக்குப் பழங்காநத்தம் சந்தை அருகில் உள்ளது. வாரத்துக்கு இருமுறை அங்கே வாங்கினால் காய்கறிச் செலவு குறையும். கொல்லையில் ஒரு முருங்கை, சுவரோரம் ஓர் அவரைக்கொடி, பாத்திரம் கழுவும் நீர் பாயுமிடத்தில் கீரைப்பாத்தி. இவற்றுக்கு இடமில்லாத வீடு கிராமத்தில் அரிது. மூத்த குழந்தை அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால் ஒரு வேளை அடுப்பும் மிச்சம். இவ்வகையில் மாதம் 1,200 குறைக்கலாம். தட்டில் விழும் அளவு குறையாமலே இது கைகூடும்.

மின்சாரத்தில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. பகலிலும் வீட்டில் ஆள் இருப்பதால் மின்விசிறியின் ஓட்டம் கூடும். குழந்தை உள்ள வீட்டில் அதனைத் தடுக்கவும் கூடாது. தொலைபேசித் திட்டம் ஒன்றைக் குறைப்பதன் மூலம் 200 மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம்.

கூட்டிப் பார்ப்போம். 1,500, 2,500, 3,000, 1,300, 1,200, 200: ஆக ரூ.9,700. செலவு ரூ.14,900, வரவு ரூ.15,000. மீதி நூறு ரூபாய்! குழந்தையின் துணிக்கும் சோப்புக்கும், நடு இரவில் காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கும் இந்த நூறு ரூபாய் போதாது. அதனால்தான் விடுப்புத் தொகை முழுவதையும் கடனுக்குச் செலுத்திவிடாமல், அதில் ஒரு பகுதியையும், தகுதியிருந்து கிடைத்தால் மகப்பேறு உதவித் தொகையையும், தாயின் பேரிலேயே அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியே வைக்க வேண்டும். தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கே சென்றுவர நகரப் பேருந்தில் தாய்க்குக் கட்டணமும் இல்லை. மனைவியின் ஈ.எஸ்.ஐ. நின்றபின், கணவருக்கு அவ்வசதி இருந்தால் அவருடைய அட்டையில் மனைவி மக்களின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம்.

கணக்கை எழுதுவது யார் என்பதிலும் கருத்துச் செலுத்த வேண்டும். சம்பளம் நின்ற தாய்க்குத் தன் சிறு தேவைக்கும் கை நீட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால், அவ்வீட்டில் சிக்கனம் நெடுநாள் நில்லாது. கணவரும் மனைவியும் சேர்ந்து மாதத்தின் முதல் நாளில் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவை எழுதி, கணவரின் வண்டிச் செலவு, தேநீர்க் கடைச் செலவு உட்பட அனைத்தையும் அதில் காட்டுவது முறை. மனைவியின் செலவை மட்டும் எழுதும் கணக்கு கணக்காகாது.

குழந்தை இரண்டு வயதைக் கடந்ததும் அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குச் சேர்க்கலாம். தாய் மீண்டும் வேலை தேடுவதற்கு அதுவே ஏற்ற காலம். அதுவரை வைப்பு நிதிப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதன் கணக்கு எண்ணையும், பழைய நிறுவனம் தந்த பணிச் சான்றையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் குடும்ப அட்டையோடு ஒரே உறையில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். புதிய இடத்தில் சேரும்போது அதே எண்ணைக் கொடுத்தால் பழைய ஆண்டுகளும் ஓய்வூதியக் கணக்கில் தொடர்ந்து சேர்ந்துவிடும்.